பிறக்காதவர்களின் கையெழுத்து

பழைய பஸ் பணிமனை நிலத்தில் பூங்கா அமைப்பதா, கார் நிறுத்துமிடம் கட்டுவதா என்று மாநகராட்சி கூட்டிய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு, இன்னும் பிறக்காத நாற்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். காலை பத்தரை மணிக்கு வரிசையில் நின்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். பிறந்த தேதிக் கட்டத்தில் வரப்போகும் ஆண்டுகளை எழுதியிருந்தார்கள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தவர்களைவிட அவர்கள் கையெழுத்து தெளிவாகவே இருந்தது.

இது ஸ்கேல் அக்காவின் வேலை. திட்டப் பிரிவில் முப்பத்திரண்டு வருடமாக வரைபடம் போடுகிறவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. விதி என்று ஒன்று இருந்தால் அதில் இம்மியும் பிசகமாட்டாள். அழைப்புப் படிவத்தில் 'யாருக்கு' என்ற கட்டத்தில் மற்றவர்கள் 'பொதுமக்கள்' என்று எழுதிக் கைகழுவிவிடுவார்கள். திட்டக் காலம் முப்பது வருடமாயிற்றே என்று இவள், 'அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த நகரத்தில் வாழப்போகிற அனைவருக்கும்' என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள். தபால்காரர் அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது தெரியவில்லை. அவர் தன் வேலையில் கெட்டிக்காரர்.

அந்தப் பூங்காவை அவள் நான்கு முறை வரைந்திருந்தாள். மூன்று முறை தலைமைப் பொறியாளர் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, கார் நிறுத்துமிடம் என்று எழுதினார். இது நான்காவது. ஓய்வுபெற ஆறு வாரம்தான் இருந்தது. இப்போது போனால் போனதுதான். இதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயம்.

பொறியாளர் எழுந்து, பிறக்காதவர்கள் பேச விதியில் இடமில்லை என்றார். ஸ்கேல் அக்கா விதிப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"அழைப்பு போனவங்க எல்லாரும் பேசலாம்னு இருக்கு சார். அழைப்புல நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவருடைய இருபது வருடப் பழக்கம். அவர் அழைப்பை வாங்கித் தன் கையெழுத்தைச் சரிபார்க்கும்போதே பின்வரிசையில் ஏழு வயது மதிக்கத்தக்க ஒருத்தி எழுந்தாள். அச்சு அசல் பொறியாளரின் மூக்கு.

"தாத்தா, காரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? எனக்கு ஓடுறதுக்கு இடம் வேணும்."

பொறியாளரின் மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தையில்லை என்பது அந்த அலுவலகம் முழுக்கத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ என்னைக்கும்மா வருவே?"

"பதிவேட்டுல எழுதியிருக்கேன், பாருங்க."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஒரு கோடும் போடாமல் கையெழுத்திட்டார். இந்த முறை படித்துவிட்டுத்தான்.

இரண்டு வருடத்தில் பணிமனைச் சுவர் போனது. முந்நூறு மரங்களும் ஓடுபாதையும் வந்தன. நாற்பத்தோரு பேரும் எழுதிக்கொடுத்த தேதிகளில் ஒவ்வொருவராகப் பிறந்து வருகிறார்கள்; ஒருவர் மட்டும் நான்கு நாள் தாமதம், அதற்கு விளக்கம் கேட்கப்படவில்லை. மாநகராட்சிக் கூட்டங்களுக்கு இப்போது நாற்காலிகள் கூடுதலாகப் போடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஸ்கேல் அக்கா மாலையில் கணவரோடு பூங்காவுக்குப் போகிறாள். பொறியாளர் பேத்தியோடு நடந்தே வருகிறார். கார் நிறுத்த அங்கே இடமில்லை. அந்தக் குழந்தை பாதையின் திருப்பத்தில் வேகம் குறையாமல் ஓடித் திரும்பும்போது ஸ்கேல் அக்காவுக்குப் பெருமை தாங்காது.

"அந்த வளைவு நான் போட்டது," என்று கணவரிடம் சொல்வாள். தினமும் சொல்வாள்.