படைப்புகள் மட்டும்

"என் பேரு ஆகாஷ் வயசு இருபத்திரெண்டு பாண்டிச்சேரி சாரத்துல ரூம் எடுத்து தங்கி இருக்கேன் ஓட்டல்ல வேல எங்க அப்பா நாராயணசாமி என்ன பாக்க சங்கராபுரத்துலேர்ந்து பஸ் ஏறுனாரு வந்து சேரல அவருக்கு கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல இடது கையில ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும் கரும்பு மிஷின்ல போயிடுச்சி கையில மஞ்சப்பை இருக்கும் பாத்தா இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க"

படித்து முடித்த சக்கரபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேசையை விரலால் தட்டினார். "சிலான்ஸ்."

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், எழுத்தாளர் வட்டத்தின் தலைவர். அவர் அப்படிச் சொன்னால் எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது என்று அர்த்தம். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை அவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ட்யூஷன் சென்டர் மாடியில் ஞாயிறு காலை கூடும் அந்த எழுத்தாளர் வட்டத்தில் இதுதான் முதல் விதி. இரண்டாவது விதி வாட்ஸப் குழுவின் பெயரிலேயே இருந்தது: படைப்புகள் மட்டும்.

ஆகாஷ் அந்தக் குழுவில் அதைப் போட்டது புதன்கிழமை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று; பார்க்கிறோம் என்றார்கள். "உனக்குத்தான் எழுதுற பெரிய மனுசங்கள்லாம் தெரியும்னியே, அவங்ககிட்ட சொல்லுடா" என்று போனில் அழுதாள் அம்மா பச்சையம்மாள். அவனுக்குத் தமிழில் தட்டத் தெரியாது. ஓட்டல் அறையில் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே போனிடம் பேசினான், அது எழுதிக்கொண்டது. வட்டத்தில் இதற்குமுன் அவன் படித்த இரண்டு கதைகளையும் இப்படித்தான் பேசி எழுதியிருந்தான். இரண்டுமே 'என் பேரு ஆகாஷ்' என்றுதான் தொடங்கின.

அப்பாவின் போட்டோவையும் சேர்த்துப் போட்டிருந்தான். குழுவில் படம் கூடாது என்று சக்கரபாணி அதை மட்டும் நீக்கிவிட்டார். கீழே கைதட்டும் எமோஜிகளாக வந்து விழுந்தன. 'ஞாயிறு பேசுவோம்' என்று தலைவர் போட்டிருந்தார். எப்படித் தேடுவது என்று பேசப்போகிறார்கள் என நம்பி, லீவு கேட்டு வந்திருந்தான்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார் வெற்றிச்செல்வன். வங்கியில் வேலை, கவிதை எழுதுபவர். "ஒரு புள்ளி இல்ல, கமா இல்ல. பையனோட பதட்டம் மூச்சு விடாம வருது பாருங்க. பிரமாதம்."

ஆகாஷ் கையைத் தூக்கினான். சக்கரபாணி சிரித்துக்கொண்டே கையை இறக்கச் சொல்லி ஜாடை காட்டினார்.

"ஆனா அந்த விரல் மேட்டர் கொஞ்சம் ஓவர் சார். அழ வைக்கணும்னே வெட்டுன மாதிரி இருக்குது" என்றும் சொன்னார் வெற்றிச்செல்வன்.

"அதேதான். ஒரு கொறையும் இல்லாத மனுசன் சும்மா காணாமப் போனாத்தான் வலிக்கும்" என்றார் சக்கரபாணி. "கடைசில போன் நம்பர் எதுக்கு? பேப்பர் விளம்பரம் மாதிரி ஆயிடுது. அத எடுத்துடணும்."

"சார், இது..."

"சிலான்ஸ், தம்பி. உங்க முறை வரும்."

இவர்களை விட்டால் இந்த ஊரில் அவனுக்கு வேறு யாரைத் தெரியும்? இவர்களும் கோபித்துக்கொண்டால் போயிற்று. வாயை மூடிக்கொண்டான்.

நிர்மலாதேவி குறுக்கிட்டார். காலாப்பட்டுப் பக்கம் பள்ளி ஆசிரியை. "நான் ஒத்துக்க மாட்டேன் சார். அந்த வெரல்தான் கதையே. வெள்ளிக்கெழம எங்க காலாப்பட்டு ஸ்டாப்பிங்ல ஒரு பெரியவரு. அதே பாதி வெரலு, அதே மஞ்சப்பை! டீ வாங்கிக் குடுத்தேன். எங்க போறீங்கன்னு கேட்டா, புள்ளகிட்டங்கறாரு. எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சி. அட, நம்ம ஆகாஷ் கதையில வர்ற ஆளு நேர்ல வந்து நிக்கறாரேன்னு..."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவரு எங்கப்பா மேடம்!"

"தம்பி, விதி..." என்று தொடங்கிய சக்கரபாணி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கத இல்ல சார் அது! எங்கப்பாவ காணல சார்! அந்த நம்பரு என் நம்பரு. ஒருத்தர் கூடவா போன் பண்ணிப் பாக்கல?"

இப்போதுதான் அந்த அறையில் நிஜமாகவே சிலான்ஸ்.

வெற்றிச்செல்வன் தொண்டையைச் செருமினார். "நம்ம குரூப்புல படைப்பு மட்டுந்தானே போடுவோம். வேற விசயம்னா மேலயே ஒரு வார்த்த போட்டிருக்கலாமேப்பா."

ஆகாஷ் படியில் இறங்கி ஓடினான். பின்னாலேயே ஓடிவந்த நிர்மலாதேவி ஸ்கூட்டியை எடுத்தார். "ஏறுப்பா" என்றார். ஈசிஆர் சாலையில் காலாப்பட்டுக்கு விரட்டினார்.

காலாப்பட்டு நிறுத்தத்தில் டீக்கடை போட்டிருந்த தனக்கொடிக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது.

"அந்தப் பெரியவரா? இங்கதான் குந்திக்கினு இருந்தாரு. எம்புள்ள வருவான், எம்புள்ள வருவான்னு ஒரே பேச்சு. நேத்து காலையில மெட்ராஸ் பஸ்ஸு நின்னுச்சி, ஏறிட்டாரு. ஏந்தம்பி, ஒனக்கு வேண்டப்பட்டவரா?"

நிர்மலாதேவி ஸ்கூட்டியைப் பிடித்தபடியே நின்றார். "நான் அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா..." என்றார். ஆகாஷ் அவர் பக்கம் திரும்பவில்லை. அதற்குள் போன் அடித்தது. அம்மா.

"அவங்கள்லாம் படிச்சாங்களாடா?"

"படிச்சாங்கம்மா."

"என்னா சொன்னாங்க?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னாங்க."

போனை வைத்தான். சென்னை பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கியது. இறங்கிய ஒவ்வொருவர் கையையும் பார்த்தான். பிறகு போனை வாயருகே கொண்டுபோய், அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"இது கத இல்ல என் பேரு ஆகாஷ் வயசு இருபத்திரெண்டு இப்ப காலாப்பட்டு பஸ் ஸ்டாப்பிங்ல நிக்கறேன் எங்கப்பா மெட்ராஸ் பஸ் ஏறிட்டாரு இடது கையில பாதி வெரலு மஞ்சப்பை பாத்தீங்கன்னா உக்கார வெச்சி எனக்கு ஒரு போன் பண்ணுங்க"