நானூற்றுப் பதினேழுக்கு விடுப்பு

வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து லாரியில் ஏற்றிய பெட்டிகளின் கனம் விரல்களைவிட்டு இன்னும் இறங்கவில்லை. கிடங்கு வாசலில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் நின்று, சுமைக்காரர் திரையை முறைத்தார். நானூற்றுப் பதினேழு, அவருடைய எண்தான். திங்கட்கிழமைக் கட்டம் சிவந்து கிடந்தது. விடுப்பு. அவர் கேட்கவேயில்லை.

ஏற்கெனவே இரண்டு விடுப்பு ஆகியிருந்தது. மாதத்தில் மூன்று ஆனால் பட்டியலிலிருந்து எண்ணையே தூக்கிவிடுவார்கள். பிறகு வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதுதான்.

யார் வேலை இது? கம்ப்யூட்டரில் நுழைய அவர் தட்டும் ரகசிய எழுத்துகள் தெரிந்தவன் ஒருவன்தான். மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் வந்த முதல்நாள் எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்ததே அவன். போன வாரம்கூட, "மாமா, வயசாகுது, திங்கக்கிழமை லோடை எனக்கு விட்டுக்குடுங்களேன்" என்று பல்லைக் காட்டியிருந்தான். அப்போது சிரித்துத் தொலைத்தது இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர்த் தொட்டியருகே மைத்துனனைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு லீவு போட்டது நீதானே?"

"என்ன மாமா உளர்றீங்க?"

"நடிக்காதடா. உன்னை இங்க சேத்துவிட்டவன் வயித்துலயே அடிக்கிறியா? திருட்டு நாயே!"

பத்துப் பேரின் மெல்லும் வாய்கள் நின்றன. மைத்துனன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "அக்கா முகத்துக்காகப் போறேன்" என்று எழுந்து போனான்.

மேற்பார்வையாளரிடம் முறையிடப் போனால், அங்கே புதிதாகச் சேர்ந்த பேக்கிங் பெண் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமைக்கு என் கையாலயே லீவு அமுக்கினேன் சார். இல்லைங்கிறீங்க?"

"எந்த நம்பர்ல போட்டேம்மா?"

"நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் அதுவே போட்டு வச்சிருந்துச்சு. பரவால்லையே, ரெண்டு வாரத்துலயே ஆளைத் தெரிஞ்சிக்கிச்சேன்னு உள்ள போயிட்டேன்."

சுமைக்காரரின் காது மடல் சுட்டது. மணிக்கட்டு வலிக்கு எட்டு எழுத்தைத் தட்ட மாட்டாமல், 'என்னை நினைவில் வை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவைத்தவர் அவர்தான். பழைய ஆட்கள் திரையில் நிற்கும் அவர் எண்ணை அழித்துவிட்டுத் தங்கள் எண்ணைத் தட்டுவார்கள். அவளுக்குத் தெரியவில்லை. அதை மேற்பார்வையாளரிடம் ஒப்புக்கொண்டார்.

"பொது மிஷின்ல இதைப் போட்டா, அடுத்து வர்றவன் எல்லாம் நீதான்யா" என்ற மேற்பார்வையாளர், விடுப்பை அவள் பக்கம் மாற்றினார். சுமைக்காரரின் கட்டம் பச்சையானது.

திரும்ப வந்து டிக்கை எடுத்தார். ரகசிய எழுத்துகளையும் மாற்றத் தொடங்கினார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதும் இடது உள்ளங்கை தானாகப் போய் விசைப்பலகையை மூடியது.

மைத்துனன்தான். தன் முறைக்காக நின்றிருந்தான். அவன் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்துப் பேர் முன்னால் வைத்த பழிக்கு, அதே பத்துப் பேர் முன்னால் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருந்தது.