ஆம்ப்ரோஸ் சார் கிழிக்கச் சொன்ன துணி

என் கடைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் கடைப்பையன் கனகராஜ் விடமாட்டான். கேட்பது ஒன்று, அவன் விரிப்பது பத்து. ரங்கநாதன் தெருவில் எல்லா ஜவுளிக்கடையிலும் இதுதான் வழக்கம் என்றாலும், வந்தவரை வாய் திறக்கவே விடாமல் விரிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

எழுபத்து நான்காம் வருஷம் ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். வெயிலுக்குத் தெருவில் கூட்டம் குறைந்திருந்தது. ஒல்லியாக ஒரு மனிதர் வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கக்கத்தில் குடை, கையில் தோல்பை, சட்டைப்பையில் சிவப்பு மைக்கறை. வார் தைத்த செருப்பு.

"இது சண்முகவேல் ஐயா கடைதானே?" என்றார்.

"இதேதான் சார், குந்து சார். வேட்டியா, சட்டைத்துணியா, இன்னா வோணும்?" என்று கனகராஜ் ஆரம்பித்துவிட்டான்.

அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். அதற்குள் பன்னிரண்டு வேட்டி விரிந்துவிட்டது. கடைசியில் பாவம், இவ்வளவு சிரமப்பட்டுவிட்டானே என்று ஒரு வேட்டியை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நான் ஜெயபாரதியைப் பார்க்க வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஜெயபாரதி என் ஒரே மகள். பி.எஸ்ஸி. கணக்கு கடைசி வருஷம். பரீட்சை முடிவு வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. மற்றதெல்லாம் நல்ல மதிப்பெண்; ஒரே ஒரு தாளில் முப்பத்தொன்று. நான்கு மதிப்பெண்ணில் பெயில். மறுபடி திருத்தச் சொல்லி ஒரு விண்ணப்பம் கொண்டுவந்து, "அப்பா, நான் எழுதுனது சரிப்பா. ஒரு கையெழுத்து போடுங்க" என்றாள்.

"எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் சொல்லும்ட்டி. திரும்பத் திருத்துனா மார்க்கு முளைக்குமா?" என்று அதை நாலாகக் கிழித்துப் போட்டேன். என் கோபம் அப்படி. கோவில்பட்டியிலிருந்து ஒரு வரன் வீட்டார் பெண் பார்க்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்; அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அன்றே எழுதிப்போட்டேன். எம்.எஸ்ஸி. கனவெல்லாம் அத்தோடு சரி. கடைக்கு மேல் மாடியில்தான் வீடு; அன்றிலிருந்து மகள் கீழே இறங்கவில்லை. என் மனைவி முத்துலட்சுமி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீங்க யாரு?" என்றேன்.

"ஆம்ப்ரோஸ்னு பேரு. மயிலாப்பூர்ல ஒரு காலேஜ்ல கணக்கு சொல்லித் தர்றேன். உங்க பொண்ணு பெயிலான கேள்வித்தாளைத் தயாரிச்சவன் நான்தான்."

"ஓஹோ, அந்தப் புண்ணியவான் நீங்கதானா! பெயிலாக்குனது பத்தாதுன்னு வீடு தேடி வேற வந்துட்டீங்களாக்கும்!"

அவர் கோபப்படவில்லை. "கேள்வியில தப்பு இருக்கு ஐயா. தப்பு என்னுது" என்றார்.

முப்பது வருஷ வியாபாரத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சாயம் போன துணியைத் திருப்பிக் கொண்டுவந்தால் நானே தண்ணீரைத்தான் குற்றம் சொல்வேன்.

"எனக்கு விளங்கும்படியா சொல்லுங்க" என்றேன். உள்ளுக்குள் நம்பவில்லை.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏதாவது விலைபோகாத துணி இருக்கா?"

ஓரம் கறைபட்ட ஒரு வெள்ளை பாப்ளின் இருந்தது. கனகராஜ் எடுத்துப் போட்டான். ஒரு மீட்டர் கிழிக்கச் சொன்னார். பிறகு அரை மீட்டர், பிறகு மூன்றில் ஒரு பங்கு, பிறகு கால், ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று. துண்டு சிறிதாகிக்கொண்டே போயிற்று. எல்லாவற்றையும் மெத்தையில் ஒன்றை அடுத்து ஒன்றாக, நுனி தொட வைத்தார்.

"இப்படியே சின்னதாகிக்கிட்டே போற துண்டா வெச்சுக்கிட்டே போனா, மொத்த நீளம் எதுவரைக்கும் போகும்?"

"துண்டே இல்லாம போவப் போவுது, அப்பறம் எங்க நீளும்? இந்த மெத்தையத் தாண்டாது" என்றேன். துணி விஷயத்தில் என்னிடமா?

"என் கேள்வித்தாள்லயும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு எல்லைக்குள்ள அடங்கும்னு நிரூபிக்கச் சொல்லியிருந்தேன். இப்ப அளந்து பாருங்க. மூணில் ஒண்ணும் காலும் சேர்த்து?"

மீட்டர் கோலை வைத்தேன். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். "அரை மீட்டருக்கு மேல."

"அடுத்த நாலு துண்டு?"

கனகராஜ் கிழித்துக் கொடுக்கக் கொடுக்க அளந்தேன். அறுபத்து மூன்று. அதற்கடுத்த எட்டுத் துண்டு? அதுவும் அரை மீட்டருக்கு மேல். துண்டு சின்னதானாலும், எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு தடவையும் ஓர் அரை மீட்டர் கூடிக்கொண்டே இருந்தது. மெத்தை தீர்ந்து துணி தரையில் இறங்கியது. நானும் முட்டி போட்டு இறங்கினேன்.

"அப்ப இது நிக்கவே நிக்காதா?"

"நிக்காது."

"கிண்டி வரைக்கும் போவுமா?"

"போகும்."

"கொட்டிவாக்கம்?"

"அதுக்கப்புறம் கடல்லயும் போகும் ஐயா. பொறுமைதான் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் ஒரு கணக்குப் புரிந்த சந்தோஷம் அது. வேறெந்தச் சந்தோஷம் மாதிரியும் இல்லை.

ஒரு துண்டை வைத்து அடுத்த துண்டைக் கழித்து, மறுபடி வைத்து, மறுபடி கழித்து என்று போனால்தான் எல்லைக்குள் அடங்குமாம். இருபது வருஷமாக அதை நடத்தி நடத்தி, கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் என்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. அதைக் கேள்வியில் எழுத வேண்டும் என்பதே தோன்றவில்லை. கட்டாயக் கேள்வி, இருபது மதிப்பெண். திருத்தியவர்கள் இவர் கொடுத்த விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்தினார்கள். பிள்ளைகள் எதையோ எழுதிப் பாதியாவது வாங்கிவிட்டார்கள். ஒரே ஒரு விடைத்தாளில் மட்டும் சைபர்.

"முடிவு வெளிவந்தப்புறம் கட்டுகளைச் சரிபார்க்கையில அந்த சைபர் கண்ணுல பட்டுது. 'இந்தக் கூற்று தவறு'ன்னு எழுதி, இப்ப நாம அளந்தோமே, அதையே எழுதியிருக்காங்க. கேள்வி தப்பா இருக்காதுன்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ஒண்ணரை மணி நேரம் அதுலயே போயிருக்கு. மத்த கேள்விக்கு நேரமில்ல. பதிவெண்ணை வெச்சு விசாரிச்சுத்தான் இங்க வந்தேன்."

மகள் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. நான் எழுதுனது சரிப்பா.

"சார், இது வேற யாருக்கும் தெரியாதுல்லா? நீங்க பேசாம இருந்திருக்கலாமே" என்றேன். வியாபாரி புத்தி.

"உங்க பொண்ணுக்குத் தெரியுமே ஐயா" என்றார்.

விண்ணப்பம் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். நான் கிழித்துப் போட்டதைத் தலைகுனிந்து சொன்னேன். அவர் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். 'காரணம்' என்ற இடத்தில் அவரே எழுதினார்: கேள்வி பிழையானது, பிழை செய்தவர் ஆம்ப்ரோஸ். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

கனகராஜ் மாடிக்குப் போய் அவளை அழைத்து வந்தான். அவள் படியிறங்குவதைப் பார்த்ததும் அந்த மனிதர் எழுந்து நின்றார். இருபது வயதுப் பெண்ணுக்கு, என் மகளுக்கு, ஒரு பேராசிரியர் எழுந்து நின்றார்.

"அம்மா, உங்க விடைத்தாளைப் பார்த்துத்தான் என் தப்பை நான் தெரிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார். அவள் தரையில் நீண்டு கிடந்த துண்டுகளைப் பார்த்தாள், என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. அழுதாள்.

மற்றதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாரதி ஐம்பத்தொன்று வாங்கித் தேறினாள். எம்.எஸ்ஸி. முடித்து இப்போது அடையாற்றில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். ஆம்ப்ரோஸ் சாரைக் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுவருஷம் அவரிடம் அதைக் கேட்டு நான் கலங்கியபோது, "கோடை லீவுல நிம்மதியாத் தூங்குறேன் ஐயா" என்று சிரித்தார். இன்றும் அதே குடையோடு பஸ்ஸில்தான் போகிறார். அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. அன்று எடுத்த வேட்டிக்குக்கூடக் காசு வாங்க மறுத்தேன், அவர் விடவில்லை.

அன்று அவர் போனபிறகு கடையில் நானும் பாரதியும்தான். கனகராஜ் அவரைப் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தான். அவள் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கினாள். நான் மீட்டர் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழக்கமில்லாத வார்த்தை, அதனால் அவர் சொன்னதையே கடன் வாங்கினேன்.

"ஏட்டி பாரதி, தப்பு என்னுது."

அவள் நிமிரவில்லை. "சரிப்பா. வெள்ளிக்கிழமை?"

"கோவில்பட்டிக்கு இன்னிக்கே தந்தி அடிச்சுடுதேன், வர வேண்டாம்னு."

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. முத்துலட்சுமி எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது.

"மணி மூணாவுது. ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்றாள்.

எட்டு நாளில் அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.