பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள்

டிரான்ஸ்பார்மரின் வயிற்றைக் கழுவுகிற வேலை மலர்க்கொடிக்கு. கிழக்கு வெளுக்கும் முன்பே, எண்ணெய் வடித்த தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து, அடியில் களிம்பு மாதிரி படிந்திருந்த கசடைப் பழந்துணியால் வழித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயோடு தீய்ந்த காகிதத்தின் நெடி மூக்கில் ஏறியது. உப்பனாற்றுப் பக்கமிருந்து வந்த மீன்வாடைக் காற்று அந்த நெடியைக் கலைக்கப் பார்த்துத் தோற்றுப்போனது. முழங்கைவரை கறுப்பு. எந்த சோப்புக்கும் போகாத கறுப்பு.

கடலூர் முதுநகரில் இருந்தது கலியமூர்த்தியின் பட்டறை. டிரான்ஸ்பார்மர் வெடித்த பிறகு தலையில் கை வைப்பதைவிட, வெடிக்கும் முன்பே அதன் நாடியைப் பார்த்துச் சொல்வதுதான் அங்கே தொழில். 2009ஆம் வருஷம் அது. கரண்டு போவதும் வருவதுமாக இருந்ததில் மில்லுகளிலும் இறால் பண்ணைகளிலும் பழைய டிரான்ஸ்பார்மர் பெட்டிகள் திணறிக்கொண்டிருந்தன. வேலை குவிந்தது. கூலி மட்டும் குவியவில்லை. ஓவர்டைம் காசு நின்றுபோய் ஞாயிற்றுக்கிழமையும் பறிபோயிருந்தது.

முற்றத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“இளவரசு! கை எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு!”

“சுத்துறேன்!”

மலர்க்கொடியின் கையிலிருந்த துணி நின்றது. பக்கத்தில் போல்ட் துடைத்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“இன்னாடி, கழுவுற கை நின்னுபோச்சு? காது அங்க மேயப் போயிடுச்சா?”

“ஒங்க வேலயப் பாருங்க அத்த.”

கூப்பிட்டவள் பிரிசில்லா. டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள். மெக்கர் என்கிற சோதனைக் கருவியின் கைப்பிடியைச் சுற்றி முள்ளைப் பார்க்கிற வேலை அவளுக்கு. முள் மேலே ஏறினால் டிரான்ஸ்பார்மர் நலம், அடியில் கிடந்தால் உள்ளே கோளாறு. தொட்டியின் மேல் ஏறி, பீங்கான் குமிழ்களில் ஒயரை மாட்டிக் கழற்றுகிறவன் இளவரசு, மலர்க்கொடியின் வீட்டுக்காரன். சுற்றும்போது ஒயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். அதனால் மேலே இருப்பவன் கையை எடுத்துவிட்டானா என்று பேர் சொல்லிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் சுற்றுவாள்.

காரணமெல்லாம் மலர்க்கொடிக்குத் தெரியும். தெரிந்து என்ன? வீட்டில் பத்துத் தடவை ‘ஏங்க’ என்று கூப்பிட்டால் ஒரு ‘ம்’ வரும். இங்கே அவள் கூப்பிட்டு முடிப்பதற்குள் ‘எடுத்தாச்சு’ என்று மணி அடித்த மாதிரி பதில் வருகிறது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால், பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லி இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்த பேர். அதை ஒருத்தி ஊருக்கே கேட்கும்படி வாய்நிறையக் கூவுகிறாள்.

“அண்ணேன்னு கூப்பிட்டா வாயி சுளுக்கிக்குமா அந்தப் பொண்ணுக்கு?” என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“மேல ரெண்டு பேரு, மூணு பேரு நிப்போம். அண்ணேன்னா எந்த அண்ணன்? ஒருத்தன் கை எடுத்து இன்னொருத்தன் எடுக்கலன்னா?”

“ஆமாமா. எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருக்கீங்க.”

குழம்புக் கரண்டி சட்டியில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சத்தம் போட்டது.

அந்த வாரம் சிதம்பரத்துக்குப் பக்கத்து அரிசி மில் ஒன்றிலிருந்து டிரான்ஸ்பார்மர் வந்திருந்தது. முதலில் இளவரசுவும் பிரிசில்லாவும் வேனில் போய் அங்கேயே சோதித்து, உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது என்று கழற்றிக் கொண்டுவந்தார்கள். பிரித்து, கழுவி, எண்ணெய் மாற்றிய பிறகும் முள் மேலே ஏறவில்லை. கலியமூர்த்தி மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

“சரியாயிடுச்சுன்னு ரிப்போர்ட் எழுதும்மா. கடலோரம், காத்துல ஈரம் இருக்கத்தான் செய்யும்.”

“காத்துல இல்ல சார், சுருளுக்குள்ள இருக்கு. இன்னும் நாலு நாளு சூடு காட்டி எண்ணெய வடிகட்டணும். இப்பிடியே லைன்ல ஏத்துனா வெடிக்கும்.”

“மில்லுக்காரன் மணிக்கொரு தரம் போன் போடறான். அவனுக்கு நீ பதில் சொல்றியா?”

“வெடிச்சப்பறம் நீங்க சொல்லுவீங்களா சார்?”

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பிரிசில்லா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த மலர்க்கொடிக்கு நெஞ்சில் வெல்லம் கரைந்தது. இளவரசுவோடு தொட்டி மேல் ஏறுகிற சின்னையன் வாய்க்குள் முனகினார். கொளஞ்சியம்மாள் தலையை ஆட்டினாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு வேல நியாயத்துக்குத்தான் போச்சு மலரு” என்று இளவரசு வீட்டில் சொன்னபோது அவள் வெடுக்கென்று திரும்பினாள்.

“நியாயம் போச்சுன்னா மூஞ்சி இப்பிடித் தொங்காது.”

மறுநாள் காலை கலியமூர்த்தி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நான் சொல்லக் கூடாதும்மா. சிதம்பரம் போனப்ப ரெண்டு பேரும் ஒரே எலையில சாப்பிட்டாங்கன்னு வேன் டிரைவரு சொல்றான். பொய்யாக்கூட இருக்கலாம். அந்தப் பொண்ணு இனி இந்தப் பக்கம் வராம இருக்கணும்னா அந்த எடத்துல நீ உக்காரு. கைப்பிடிய சுத்தறது இன்னா பெரிய வித்தையா? கெணத்து ராட்டினம் மாதிரிதான். முள்ளு ஏறுச்சுன்னு நீ சொன்னாப் போதும்.”

ஒரே இலை என்ற சொல் அவளுக்குள் முள்ளாய் இறங்கியது. கையைக் கழுவிக்கொண்டு போய் மெக்கர் முன்னால் உட்கார்ந்தாள். இளவரசு தொட்டியின் மேலிருந்து அவளைப் பார்த்துவிட்டு, “நீயா?” என்றான்.

“ஏன், நான் உக்காந்தா முள்ளு ஆடாதா?”

மேலே அவனும் சின்னையனும் ஆளுக்கொரு பக்கம். எண்ணெய் வடிகட்டுகிற இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இளவரசு கடைசி ஒயரை மாட்டிக்கொண்டிருந்தான். பேர் சொல்லிக் கேட்க வேண்டும். வாயைத் திறந்தாள். பேர் தொண்டைக்குழிவரை வந்து நின்றது. புருஷன் பேரைச் சொல்கிறாளா என்று மாமனார் பட்டறை வாசலில் நின்று கேட்பது போலக்கூட இருந்தது. கண்ணை முள்ளின்மேல் வைத்துக்கொண்டு, “ஏங்க, கை எடுத்தாச்சா?” என்றாள்.

“எடுத்தாச்சு” என்று பதில் வந்தது. சொன்னவர் சின்னையன். தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துச் சொன்னார். இயந்திரத்தின் இரைச்சலில் அது யார் குரல் என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. சுற்றினாள். முள் அடியிலேயே கிடந்தது. இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

மேலே ஒரு உதறல். அப்புறம் சிமெண்டுத் தரையில் ஓர் உடம்பு விழுகிற சத்தம்.

“இளவரசு!”

கத்தியது தான்தான் என்பதே அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. முதல்முறையாக அவள் அந்தப் பேரைச் சொன்னபோது, பதில் சொல்ல அவனுக்கு நினைவில்லை.

தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு கலியமூர்த்தி சாத்துக்குடிப் பையோடு வந்தார்.

“சுத்துனது நீ. கேசுன்னு வந்தா ஒன் மேலதான் வரும்” என்றார், பழத்தை எடுத்து வைத்துக்கொண்டே. “ஆனா நான் விட்டுருவனா? பிரிசில்லா போறப்ப ஒயர மாத்தி வச்சிட்டுப் போயிடுச்சு, முள்ளு நல்லாத்தான் ஏறுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு. வைத்தியம் பூரா என் பொறுப்பு. நாளைக்குக் காலைல பெட்டிய லாரியில ஏத்தறோம். அதுக்குள்ள வந்து சொல்லிடு.”

அவர் போன பிறகு அந்த வார்த்தையை அவள் வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். சொன்னால் புருஷனுக்கு வைத்தியம் நடக்கும். ஒயரை மாற்றி வைத்தவள் என்று பேரெடுத்த பிறகு அந்தப் பெண்ணை எந்தப் பட்டறையும் சேர்க்காது. ஒரு வார்த்தையில் இரண்டு காரியம். இனிக்கத்தான் செய்தது.

சாயங்காலம் பிரிசில்லாவே வந்து நின்றாள்.

“எதுக்கு வந்த?”

“அண்ணனப் பாக்கக்கா.”

“அண்ணனா? புதுசா இருக்கே. வாய்நெறைய பேர் சொல்லித்தான கூப்புடுவ?”

“மெக்கர் முன்னாடி மட்டும்தான்க்கா. டீ குடிக்கறப்ப நான் பேர் சொல்லி எப்பனா கேட்டிருக்கீங்களா?”

மலர்க்கொடி யோசித்தாள். கேட்டதில்லை. கேட்க நினைத்ததை மட்டுமே கேட்டுப் பழகிய காது.

“சிதம்பரத்துல ஒரே எலையில சாப்பிட்டீங்களாமே?”

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் சோறு எடுத்துட்டுப் போகல. அண்ணன் அவுரு டப்பாவுல பாதிய எலையில வச்சிக் குடுத்தாரு. நீங்க வச்ச கருவாட்டுக் கொழம்பு. அப்பிடி இருந்துச்சு!”

“என் கொழம்பயா குடுத்தாரு?” அதுவும் பொறுக்கவில்லை மலர்க்கொடிக்கு.

கட்டிலில் முனகல் கேட்டது. இளவரசு கண்ணைத் திறந்திருந்தான். வலி இருக்கிறதா என்று கேட்க அவள் குனிந்தாள்.

“மில்லுப் பெட்டி போயிடுச்சா மலரு?” என்றான்.

“நாளைக்குப் போவுது.”

“ஏத்தக் கூடாது.”

கல்யாணத்துக்கு முன்னால் சிதம்பரம் பக்கத்து மில்லுகளில் நெல் காயவைத்தவள் மலர்க்கொடி. கால் வேகிற களத்தில் ஒதுங்க நிழல் என்று ஒன்று இருந்தால் அது டிரான்ஸ்பார்மர் சுவரின் நிழல்தான். பெண்கள் அங்கேதான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பார்கள். பிள்ளைகளைத் தூங்கவைப்பதும் அங்கேதான். அடியிலேயே கிடந்த அந்த முள்ளை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

“நீ இங்க இரு. இவருக்குத் தண்ணி குடு” என்று பிரிசில்லாவிடம் சொன்னாள். வாசல்வரை போய்த் திரும்பி, “தண்ணி மட்டும் குடு” என்றாள்.

அன்று ராத்திரி பட்டறை ஆட்கள் சின்னையன் வீட்டில் கூடினார்கள். தன்னை ஏசுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். ஆனால் சின்னையன் முகத்தைப் பொத்திக்கொண்டு, “நான் பதில் சொன்னதாலதான் விழுந்தான்” என்று விசும்பினார். “இல்லண்ணே, நான்தான்” என்று அவளும் அழுதாள்.

“ஆளாளுக்கு மாருல அடிச்சிக்கிட்டா மொதலாளிக்குத்தான் சௌகரியம்” என்று கொளஞ்சியம்மாள் குறுக்கே விழுந்தாள். “கழுவுறவளத் தூக்கி மெக்கர்ல ஒக்காரவச்சது யாரு? கத்துக்குடுத்தாங்களா? அந்தப் பொண்ணத் தொரத்துனப்ப நாம வாயத் தொறந்திருந்தா இன்னிக்கு இது நடந்திருக்குமா? நாளைக்குப் பெட்டி மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. அவ்ளோதான்.”

மறுநாள் விடிகாலையில் வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. பெட்டிக்குச் சங்கிலி கட்ட ஆளில்லை. ஆட்களெல்லாம் வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். பிரிசில்லா ஒரு ஓரமாக, தள்ளியே நின்றாள்.

“மலர்க்கொடி, நீ மட்டும் உள்ள வா” என்றார் கலியமூர்த்தி. “சொன்னது ஞாபகம் இருக்குல்ல?”

“இங்கயே கேளுங்க. எல்லாரும் கேக்கட்டும்.” அவள் எழுந்தாள். “முள்ளு ஏறல. நான் பாத்தேன். பிரிசில்லா ஒயர மாத்தல. அந்தப் பொண்ண வேலைக்குத் திருப்பிக் கூப்புடுங்க. என் வீட்டுக்காரரு ஒங்க வேலையிலதான் விழுந்தாரு, அத எழுதிக் குடுங்க. பெட்டி காயறவரைக்கும் இங்கதான் இருக்கும்.”

“புருஷனத் தள்ளுனவ பேசற பேச்சா இது?”

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் ஆழமாகவே பாய்ந்தது. அவள் உட்காரவில்லை.

“ஆமாங்க, நான்தான் சுத்துனேன். பொறாமையில சுத்துனேன். அந்தப் பொறாமைக்கு நெய் ஊத்தினது நீங்க.”

“அவள மட்டும் கேக்காதீங்க” என்று சின்னையன் எழுந்தார். பின்னாலேயே கொளஞ்சியம்மாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள்.

கலியமூர்த்தியின் சட்டைப்பையில் போன் அலறியது. மில்லுக்காரனாக இருக்கும். எடுக்காமல் லாரிப் பக்கம் திரும்பி, “சுப்புராயா, வெளியாளக் கூட்டியாந்து ஏத்துடா!” என்று கத்தினார்.

லாரி டிரைவர் சுப்புராயன் கீழே நின்றவர்களையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். “வெடிக்கிற சாமான என் முதுகுல ஏத்திக்கிட்டு சிதம்பரம் வரைக்கும் நான் ஏன் மொதலாளி போவணும்?” என்று இன்ஜினை அணைத்தான். இறங்கி வந்து கூட்டத்தோடு குந்திக்கொண்டு பீடி பற்றவைத்தான். கலியமூர்த்தி உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெயில் ஏறத் தொடங்கியது. கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரிசில்லா இன்னும் தள்ளியே நின்றுகொண்டிருந்தாள். மலர்க்கொடி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் பக்கத்து மண்ணைக் கையால் தட்டினாள்.

“வந்து உக்காரேன். நின்னுக்கிட்டே போராட்டம் பண்ணா எங்களுக்குக் கழுத்து வலிக்குது.”

பிரிசில்லா வந்து உட்கார்ந்தாள். மலர்க்கொடி தோளில் கிடந்த துண்டை உதறி விரித்து, இரண்டு தலைக்கும் சேர்த்துப் போட்டு, அவள் பக்கம் சரிகிறதா என்று பார்த்து இன்னும் ஒரு சாண் இழுத்துவிட்டாள்.