குளிர் தெரியாத வண்டி

என் காருக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டே சீட், தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, சிவப்பு நிறம். ஏறுவதற்குக் குனிய வேண்டும், இறங்குவதற்குக் கொஞ்சம் புரள வேண்டும். "இது ஸ்போர்ட்ஸ் கார் இல்ல, இதுல ஏறி இறங்கறதுதான் ஸ்போர்ட்ஸ்" என்பார் என் வீட்டுக்காரர். பத்து வருடமாக இதையே சொல்கிறார். பத்து வருடமாக அவரே சிரித்தும் கொள்கிறார்.

நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் அறுபது பேர். ஏன் நிறுத்தினாய் என்று பாதிப் பேர், ஏன் நிறுத்தவில்லை என்று மீதிப் பேர். வீட்டிலிருந்து டிப்போவுக்குப் போகிற இருபது நிமிடம் மட்டும்தான் மணியடிக்க ஆளில்லாமல் ஓட்டுகிறேன். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இந்தக் கார். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் பொல்லாதவள் ஆகிவிடுவேன். இப்போதே கொஞ்சம் அப்படித்தான்.

இந்தக் குளிர்காலம் ஆரம்பித்ததும் வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் ஆகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேனோ இல்லையோ, இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்துவிடும். இன்ஜின் சூடாகும்வரை எட்டு நிமிடம் மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், இறங்கிப் போய் கேட்டைக்கூடத் திறக்க முடியாது. ஒரே மாதத்தில் மூன்று நாள் டிப்போவுக்கு லேட். மூன்றாவது நாள், பாதி சூட்டிலேயே கிளம்பி, பஸ் ஸ்டாப் பக்கத்துச் சிக்னலில் அணைந்துவிட்டது. என் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களே வந்து தள்ளிவிட்டார்கள். "நீங்க போனாத்தானேம்மா பஸ் வரும்" என்றார் தள்ளியவர்களில் ஒருவர். மானம் கப்பலேறியது.

என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எதையும் வேளைக்கு இத்தனை என்று அளந்துதான் பேசுவார். அன்று அளவு கொஞ்சம் கூடிவிட்டது.

"இன்னொரு தடவ லேட்டானா மெமோ குடுப்பாங்க. பேசாம வண்டியக் குடுத்துடலாம். கண்ணாடிக்கடைக்காரர் ரெண்டு வருஷமா கேட்டுட்டே இருக்காரு."

"என்னையும் சேத்துக் குடுத்துடுங்க" என்றேன்.

எங்கள் டிப்போவில் பஸ்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் மெக்கானிக் அக்கா. அவரிடம் போய் அழுதேன். அவர் விளக்கிய விஷயம் இவ்வளவுதான்: குளிர்ந்த இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் காற்றும் கூடுதல் பெட்ரோலும் வேண்டும். காற்றை விடுவதற்கு ஒரு சின்ன வால்வு இருக்கிறது. குளிரில் தானே திறந்து, சூடானதும் தானே மூடிக்கொள்ளும். என் வண்டியில் அது மூடினபடியே இறுகிக் கிடந்தது. புதிது வாங்கலாம் என்றால் அந்தக் கம்பெனியே அதைச் செய்வதை விட்டு இருபது வருடம் ஆகிறது.

"கிடைக்கலைன்னா விட்டுத் தள்ளு. அந்த எடத்துல சின்னதா ஒரு குழாய்த் திருகு வெச்சுக்கோ. குளிர்ல நீயே தெற, சூடானதும் நீயே மூடு. வால்வு பண்ற வேலைய நீ பண்ண மாட்டியா?" என்றார் அக்கா.

சனிக்கிழமை உட்கார்ந்து செய்தேன். பழைய வால்வைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயின் நடுவில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைத் திருகைப் பொருத்தினேன். அதிலிருந்து ஒரு கம்பியை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுவந்து, மேஜை டிராயரிலிருந்து கழற்றிய குமிழை முனையில் மாட்டினேன். இழுத்தால் காற்று வரும், தள்ளினால் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை குமிழை இழுத்தேன், சாவியைத் திருப்பினேன். கால் இரண்டும் சும்மா இருந்தன. இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் ஆயிரத்து இருநூறுக்கு ஏறி அங்கேயே நின்றது. ஒரு இருமல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. இறங்கிப் போய் நானே கேட்டைத் திறந்தேன், திறந்த கையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டமும் போட்டேன். ஐம்பது வயதில் ஆடக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

வீட்டுக்காரர் வாசற்படியில் டீ டம்ளரோடு நின்றிருந்தார்.

"இன்னிக்கு வெயில் அடிக்குது, ஓடுது. அடுத்த ஞாயிறு ஒம்பது மணிக்குக் கண்ணாடிக்கடைக்காரர வரச் சொல்லியிருக்கேன். அன்னிக்கும் இதே மாதிரி கால் வெக்காம ஓடுச்சுன்னா அவரத் திருப்பி அனுப்பிடறேன். அணைஞ்சா சாவியக் குடுத்துடணும். சரியா?"

"சரி" என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

திங்கட்கிழமை அணைந்தது. செவ்வாய் திருகை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன். அணைந்தது. புதன் குறைத்தேன். அணைந்தது. இந்த வேலையில் பெரிய தொல்லை, ஒரு நாளைக்கு ஒரே பரீட்சைதான். ஒருமுறை இன்ஜின் சூடாகிவிட்டால் மறுநாள் காலைவரை அதைக் கேள்வி கேட்க முடியாது. தினமும் பழையபடி எட்டு நிமிடம் மிதித்து, அடித்துப் பிடித்து டிப்போவுக்கு ஓடினேன்.

"காத்து போதும்டி, பெட்ரோல்தான் வரல" என்றார் மெக்கானிக் அக்கா. "இன்ஜின் மேல ஒரு சென்சார் இருக்கும். அது 'குளிருது'ன்னு சொன்னாத்தான் பெட்ரோலக் கூட்டி விடும். உன் வண்டிக்குக் குளிரே தெரியல போல."

வியாழன் சாயங்காலம் சென்சாரைப் புதிதாக மாற்றினேன். வெள்ளி அணைந்தது. சனியும் அணைந்தது.

அந்த வாரம் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே எழுந்துவிடுவார். தினமும் நான் வண்டியோடு மல்லுக்கட்டும்போது வாசலுக்கு வந்து "என்னாச்சு?" என்று கேட்பார். "பாத்தா தெரியல?" என்பேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். ஜெயிக்கப் போகிறவருக்கு இந்த நடிப்பு வேறா என்று பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை கடைசி டிரிப்பில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாளைக்கு இந்நேரம் அந்தக் கார் வேறொருவர் வீட்டில் இருக்கும்.

ஞாயிறு விடிவதற்குள் விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அவரைக் காணோம். மணி ஐந்தரை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கார் ஷெட்டில் வெளிச்சம். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பானெட் திறந்திருந்தது, உள்ளே தலையை விட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"அடப்பாவி மனுஷா! இதுக்குத்தானா தினமும் சீக்கிரம் எழுந்தீங்க? வயரப் பிடுங்கி விடறீங்களா?"

"கத்தாத, பக்கத்து வீட்டுல தூங்கறாங்க" என்று திருதிருவென விழித்தார். கையில் எங்கள் கடையில் விற்கிற ரப்பர் வெந்நீர்ப் பை, என்னுடைய துண்டில் சுற்றியபடி. இன்ஜின் மேல் இன்னொன்று உட்கார்ந்திருந்தது.

"என்ன இது?"

"ஒத்தடம்."

"யாருக்கு?"

"வண்டிக்குத்தான். திங்கக்கிழமையில இருந்து வெக்கறேன். நீ வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுவேன். இன்னிக்கு முக்கியமான நாளாச்சே, அதான் ரெண்டு."

துண்டு என்னுடையதுதானா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"வண்டிய வித்துடணும்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அப்புறம் நீ கேட்டப் பிடிச்சுட்டு ஆடினியே. இருபத்தாறு வருஷத்துல உன்ன அப்படிப் பாத்ததே இல்ல. அவருக்கோ வாக்குக் குடுத்தாச்சு. அன்னிக்கு வெயில், மறுநாள்ல இருந்து ஒரே பனி. அணைஞ்சுட்டா உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு பயமா இருந்துச்சு."

நான் பையைத் தூக்கிப் பார்த்தேன். அது சரியாகப் புதுச் சென்சாரின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, இவ்வளவு பெரிய இன்ஜின்ல இந்த எடந்தான் கெடச்சுதா?"

"அங்கதான் வழுக்காம உக்காருது."

இன்ஜினைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. சென்சாரைத் தொட்டேன், சுட்டது. சிரிப்பு வந்துவிட்டது. ஷெட் சுவரில் சாய்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் பயந்துபோனார்.

"தெர்மாமீட்டர டீ டம்ளர்ல முக்கினா என்ன காட்டும்?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்னு காட்டும்." மருந்துக்கடைக்காரர் அல்லவா, அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் மெதுவாக மாறியது. "அப்போ வாரம் பூரா அணைஞ்சது... என்னாலயா?"

"உபகாரம் பண்ணாட்டியும் உபத்திரவம் பண்ணாம இருந்திருக்கலாம்."

"கடைக்கு ஓடிப் போய் ஐஸ் பை எடுத்துட்டு வரட்டா?"

"ஒரு வைத்தியமும் வேண்டாம், சாமி. ஒம்பது மணிக்குள்ள அதுவா குளிரும். கையக் கட்டிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தோம். வாசற்படியில், ஒரு போர்வைக்குள், மூன்றரை மணி நேரம். சும்மா இருப்பது அவருக்கு வராத கலை. இரண்டு தரம் எழுந்து ஷெட் பக்கம் போகப் பார்த்தார், இரண்டு தரமும் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். எனக்கும் நிச்சயமில்லைதான். ஒத்தடம்தான் காரணம் என்று நானாகச் சொன்னது, வண்டி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லையே.

ஒன்பது அடிக்கும்போது கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். நான் குனிந்து உள்ளே நுழைந்து, குமிழை இழுத்து, சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது. முள் ஏறியது, உடனே இறங்கியது. எழுநூறு, அறுநூறு. என் வலது கால் தன்னால் துடித்தது, தொடையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வெளியே வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஐந்நூறில் ஒரு குலுக்கல். பிறகு ஏறியது. எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு. அங்கேயே நின்றது.

"அடடா, கடிகாரம் மாதிரி ஓடுதே! இப்பவே எடுத்துக்கறேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"மன்னிச்சுக்கோங்க, விக்கறதா இல்ல" என்றார் வீட்டுக்காரர்.

"என்னங்க இது, கோளாறு இருக்கு, குடுத்துடறோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கோளாறு இருந்துச்சுங்க. வண்டியில இல்ல. அது நான்தான்."

கண்ணாடிக்கடைக்காரர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் காரிலிருந்து புரண்டு இறங்கி, நேரே போய் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள்மேல் அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பின்னால் யாருடைய காலும் படாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.