பால் ஆகலையாம்

ஆறு கிலோ இருநூறு. போன மாதம் இதே ஆஸ்பத்திரித் தராசில் ஏழரை. ஷாலு தராசை மறுபடி பார்த்தாள். அவள் பிள்ளை ஜெனிலுக்குக் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு கிடந்தது. ட்ரிப் ஏற்ற நரம்பு தேடி நர்ஸ் மூன்று தடவை குத்தியும், பிள்ளை முனகினானே தவிர அழவில்லை.

தாய்ப்பால் மட்டும் குடித்துக் கொழுகொழுவென்று இருந்தவன். ஆறு மாதம் முடிந்ததும் எல்லா வீட்டையும் போல ஏத்தன் வாழைக்காய்ப் பொடியில் பனங்கல்கண்டு போட்டுக் கூழாகக் குறுக்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே பேதி பிடித்தது. தண்ணீர் தண்ணீராக, புளித்த நாற்றத்தோடு போய், குண்டித் தோலெல்லாம் உரிந்துவிட்டது. புருஷன் சிபியின் அக்கா ரத்னபாய் வெள்ளறடையிலிருந்து குளத்தூருக்கு வந்து இறங்கினாள். நாலு பிள்ளை வளர்த்தவள், அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் ஏது? ஷாலுவின் பால்தான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று ஒரே போடாகப் போட்டாள். பாலை நிறுத்து, கல்கண்டுத் தண்ணி கொடு, குறுக்குக் கூழை ரெண்டு நேரமாக்கு என்றாள். சிபி தலையாட்டினான்.

நாலு நாள். மார்பு கட்டிக் காய்ச்சலடிக்க, ஷாலு பாலைப் பீய்ச்சி வாழை மரத்து மூட்டில் ஊற்றினாள். உள்ளே பிள்ளை பசியில் கத்தினான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. என்ன பாழாய்ப்போன மரியாதையோ.

என்றைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று லேகா டாக்டர் கேட்க, ரத்னபாய் முந்திக்கொண்டாள். டாக்டர் அவளைக் கையமர்த்தி, அம்மாவே சொல்லட்டும் என்றார். நாள் நாளாகச் சொல்லிவரும்போதுதான் ஷாலுவுக்கே உறைத்தது. பால் மட்டும் குடித்த ஆறு மாதமும் ஒரு கேடுமில்லை. பாலை நிறுத்திய நாலு நாளில்தான் பேதி இரட்டித்தது.

"பால்ல உள்ள இனிப்பு வேற, கல்கண்டுல உள்ளது வேற," என்றார் டாக்டர். "ஒவ்வொண்ணையும் அறுக்க குடல்ல தனித்தனி நொதி உண்டு. தேங்கா உரிக்கிற பாரைய வச்சு மரச்சீனிக் கெழங்குத் தோலு சீவ முடியுமா? பாலை அறுக்கிறது இவனுக்கு இருக்கு. கல்கண்டை அறுக்கிறது பிறவியிலேயே இல்லைன்னு சந்தேகம். அறுபடாத இனிப்பு குடல்ல கெடந்து புளிச்சு, தண்ணியெல்லாம் இழுத்து வெளிய தள்ளுது."

டெஸ்ட் முடிவு வரும்வரை கல்கண்டும் குறுக்கும் தொடக்கூடாது, தாய்ப்பால் மட்டும், அதுவும் இப்பவே என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பாலுக்கு எங்கே போவது? நேற்றுப் பீய்ச்சியபோது ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. ஷாலு மார்போடு சேர்த்தாள். ஜெனில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள். காம்பு வாயில் இருந்தது, உறிஞ்சத் தெம்பில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்று முனகியபடி அவன் கன்னத்தை விரலால் வருடினாள்.

ரத்னபாய் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். கல்கண்டுத் தண்ணியில் ஒரு சொட்டு காம்பில் தடவினால் பிள்ளை பிடித்துக்கொள்வான் என்று விரலை நனைத்துக்கொண்டு குனிந்தாள்.

ஷாலு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்க பாலு கெட்டதில்ல, மைனி. இனி நான் சொல்லாம இவனுக்க வாயில யாரும் ஒண்ணும் வைக்காண்டாம்."

சிபி தரையைப் பார்த்தபடி நின்றான். ரத்னபாய்க்கு உதடு கோணிக்கொண்டு வந்தது.

"இவ்வளவும் குடுத்தது நானாக்கும், மக்கா. எனக்க கையால."

பாதி இறங்கிய ட்ரிப்பைப் பார்த்துவிட்டு ஷாலு குனிந்தாள். ஜெனில் உறிஞ்சத் தொடங்கியிருந்தான்.