சுற்றாத தட்டு

நிறுத்தி வைத்திருந்த இசைத்தட்டின் மேல் அவள் ஊசியை மெதுவாக இறக்கியபோது கொழுந்தன் சிரித்துவிட்டான்.

"என்ன அண்ணி, தட்டு சுத்தவே இல்லையே. இதுல என்னத்தக் கேக்கப் போறீங்க?"

"ஒண்ணும் கேக்கக் கூடாது தம்பி. அதுக்குத்தான் சுத்தாம வச்சிருக்கேன்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கூடத்து சோபாவில் கொழுந்தன் கார் சாவியை விரலில் சுழற்றியபடி சாய்ந்திருந்தான். பக்கத்தில் அவள் கணவர், பாதி முகத்தைச் செய்தித்தாளுக்குள் புதைத்துக்கொண்டு. சாப்பாட்டு மேஜையில் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் வரச் சொல்லியிருந்தது அண்ணிதான். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்று உட்கார வைத்திருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். அங்கே அவள் ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு "இது அளவு ஜாஸ்தி" என்று சொன்னால் பெரிய டாக்டரே ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார். வீட்டு வாசல்படி ஏறியதும் அந்தச் சொல்லுக்குப் பஞ்சின் எடைதான். ரெக்கார்டு பிளேயர் வாங்கிய முதல் நாளே அவள் சொன்னாள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் பாட்டுக்கு அடியில் ஏதோ உறுமுகிறது என்று. பின்தெருவில் ஒரு லாரி எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருப்பது மாதிரி. ஜன்னலைத் திறந்து எட்டிக்கூடப் பார்த்தாள். லாரி எதுவும் இல்லை. பிளேயர் கொழுந்தன் கடையில் வாங்கியது. அவன் வந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் திருகிப் பார்த்துவிட்டு எழுந்தான். "மிஷின் தங்கம் அண்ணி. கோளாறு காதுலதான் இருக்கும். வயசாகுதுல்ல."

அன்றிலிருந்து அது குடும்பத்தின் வேடிக்கையாகிவிட்டது. அவள் எதையாவது ஆட்சேபித்தால் போதும், "அண்ணிக்கு லாரி வந்திருச்சு" என்பான். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "காதுக்குள்ள இரைச்சல் கேக்கற வியாதி ஒண்ணு இருக்கும்மா, பாத்துக்கோ" என்றாள். கணவர் அவ்வளவு தூரம் போகவில்லை. "ஒரு தடவ காது டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்று, அன்பாகத்தான், சொன்னார். அந்த அன்புதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

வயிறு வலிக்கிறது என்று அவள் ஒரு வருஷமாகச் சொல்லியும் 'வாயு' என்றே பேசிய குடும்பம் இது. கடைசியில் பித்தப்பையில் கல் அடைத்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, அவசரமாக அறுத்துப்போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு ரத்தம் கொடுத்தவன் இதே கொழுந்தன்தான். கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் அழுதார்கள், ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தார்கள், மாறி மாறிக் காவல் இருந்தார்கள். நீ சொன்னது சரிதான் என்று மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இந்த முறை அவள் விடுவதாக இல்லை. தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம்வரை ஒவ்வொரு ஒலியாக வரிசையாய்ப் பதிந்த சோதனைத் தட்டு ஒன்றை வரவழைத்தாள். பிளேயரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்றையும் வாங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உடை மாற்றாமல்கூட உட்கார்ந்து, படிப்பதும் இணைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

முதல் சோதனையிலேயே அவளுக்கு ஒரு குட்டு. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தட்டின் ஒலியை நேராகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, திரையில் கோடு ஏறக்குறைய சமதரையாக ஓடியது. உச்சத்தில் லேசாகச் சரிந்தது, அவ்வளவுதான். மிஷின் தங்கம்தான். இரண்டாவது குட்டு இன்னும் பலம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினாள். மேலே போகப் போக ஒலி ஊசியாய் மெலிந்து, பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸ் சுருதியில் காணாமல் போயிற்று. ஒயர் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். கழலவில்லை. திரையில் கோடு விழாமல் நின்றுகொண்டிருந்தது. ஒலி இருக்கிறது, அவளுக்குத்தான் இல்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரையும் கூப்பிட்டாள்.

"இப்ப ஸ்பீக்கர்ல மட்டும் சத்தம் வரும்" என்றாள். "கம்ப்யூட்டர்லேர்ந்து நேரா வரும். தட்டு நிக்குது. அதனால ஊசிக்கு எதுவும் எட்டக் கூடாது. எட்டினா, ஸ்பீக்கர் போடற சத்தம் திரும்ப ஊசிக்கே போகுதுன்னு அர்த்தம்."

பொத்தானை அழுத்தினாள். அடிவயிற்றில் உணரும்படி ஒரு தாழ்ந்த ஒலி கிளம்பி, மெல்ல மெல்ல மேலேறியது. திரையில் சமதரையாக ஓடிய கோடு, ஓரிடத்தில் குன்று மாதிரி எழும்பி, பிறகு இறங்கியது.

கொழுந்தன் எழுந்து வந்து பார்த்தான். தொழில் தெரிந்தவன். "இது கரண்ட் சத்தம் அண்ணி. எர்த் சரியில்லாத வீட்ல எல்லாம் இப்படித்தான் வரும்."

அவள் ஊசியைத் தூக்கிவிட்டு, மறுபடி ஓட்டினாள். கோடு தண்ணீர் மாதிரி படுத்துக்கிடந்தது.

"ஊசியத் தூக்கினா கரண்ட் ஓடிப்போயிடுமா தம்பி?"

சாவி சுழல்வது நின்றது. ஆனால் அவன் லேசில் விடுகிறவன் இல்லை. கடையில் தினமும் பத்துப் பேரிடம் வாதாடுகிற வாய். "சரி, கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும். பேச்சு உங்க காதப் பத்தித்தானே? வயசானா உச்சத்துச் சத்தந்தான் முதல்ல போகும். எங்க, அந்தத் தட்டுல பன்னெண்டாயிரம் ஹெர்ட்ஸப் போடுங்க."

அவளுக்குத் தெரியும், அவன் அங்கேதான் வருவான் என்று. ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிளேயருக்கு மாற்றி, சோதனைத் தட்டை ஓடவிட்டு அந்த இடத்தில் ஊசியை வைத்தாள். திரையில் ஒலிக்கான கோடு எழுந்து நின்றது.

"கேக்குதா அண்ணி?"

கோடு கண்ணெதிரே இருந்தது. கேட்கிறது என்று ஒரு தலையசைப்பில் முடித்துவிடலாம். யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது.

"கேக்கல" என்றாள்.

"பாத்தியா அண்ணே! நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"இது எனக்குக் கேக்கல. நாலஞ்சு நாளா எனக்கே தெரியும்." அவள் குரல் உயரவில்லை. மருந்துச் சன்னலில் பேசுகிற அதே குரல். "கேக்காததக் கேக்கலைன்னு ஒத்துக்கறேன்ல? அப்ப, கேக்கறதக் கேக்குதுன்னு சொன்னா மட்டும் அது எப்படிப் பொய்யாகும்?"

உரித்த பட்டாணி கிண்ணத்தில் விழும் சத்தம் நின்றிருந்தது.

"எனக்கும் கேக்குதுக்கா" என்றாள் ஓரகத்தி. "அந்த லாரி. முதல் நாள் வந்தப்பவே கேட்டுது."

கொழுந்தன் திரும்பினான். "நீ ஏன் அப்பவே சொல்லல?"

"அக்கா சொன்னதுக்கு என்ன ஆச்சுன்னுதான் பாத்தேனே." அவள் ஒரு தோலை எடுத்து நகத்தால் கீறினாள். தலையைக் குனியவில்லை.

அவன் மனைவியைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "மிஷின் மேல தப்பு இல்ல" என்றான், பாதிக் குரலில்.

"நான் மிஷின ஒரு நாளும் குத்தம் சொல்லலையே தம்பி. சத்தம் வருதுன்னுதான் சொன்னேன்."

அப்போதுதான் செய்தித்தாள் மடிந்தது. கணவரின் பார்வை பிளேயரிலிருந்து மெதுவாகக் கீழிறங்கி, அதுவும் ஸ்பீக்கரும் உட்கார்ந்திருந்த ஷோகேஸில் நின்றது. அவர் கையால் செய்தது. விடுமுறை நாட்களில் இழைத்து, பாலிஷ் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்தது. கனமாக இருந்தால் தரை கீறும் என்று, பலகைக்கு அடியில் வெற்றுக் கூடாக விட்டிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார்.

"அப்போ... இதுவா?"

முன்பெல்லாம் இந்த இடத்தில் அவள் பூசி மெழுகிவிடுவாள். அதுவா இருக்காதுங்க, வேற ஏதாவது இருக்கும் என்பாள். அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த வார்த்தைகள் தாமாகவே தொண்டைவரை வந்தன. விழுங்கினாள்.

"ஆமாங்க. இதுதான்."

"கொஞ்சம் சத்தத்தக் குறைச்சு வச்சுக் கேட்டா ஒண்ணும் தெரியாதே?"

"எவ்வளவு நாளைக்குங்க குறைச்சே வச்சுக்கறது?"

தட்டை நிறுத்தினாள். நின்ற தட்டின்மேல் ஊசியை வைத்தாள். ஆம்ப்ளிஃபயரின் சத்தம் கூட்டும் குமிழைப் பிடித்துத் திருகினாள், இதுவரை திருகாத அளவுக்கு. முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கிருந்தோ அந்த உறுமல் தானாகவே கிளம்பியது. பலகை ஊசியை ஆட்ட, ஊசி ஸ்பீக்கரை ஆட்ட, ஸ்பீக்கர் மறுபடி பலகையை ஆட்ட, அது தன்னைத் தானே தின்று பெருத்தது. ஷோகேஸின் கண்ணாடிக் கதவுகள் நடுங்கின. உள்ளே கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மேஜைமேல் சில பட்டாணிகள் உருண்டன.

"அண்ணி, ஸ்பீக்கர் போயிடும்!" கொழுந்தன் காதைப் பொத்திக்கொண்டே கத்தினான்.

அவள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

கணவர் எழுந்து வந்தார். அவளைத் தடுக்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஷோகேஸின் முன் நின்று, காய்ச்சல் பார்ப்பதுபோல, பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார். உறுமல் சட்டென்று தணிந்தது. கையை எடுத்தார். மறுபடி எழுந்தது. வைத்தார், தணிந்தது. பிறகு மற்றக் கையையும் வைத்து, தோளின் பாரம் முழுவதையும் இறக்கி, அவர் தன் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைக் கையின் விளிம்பு மட்டும் இன்னும் மெலிதாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினாள்.